ஏகமனதாக நிறைவேறிய பனிக்கட்டி

1

இந்தக் கதை ஒரு ஜிகினாத் துண்டால் வந்த வினை. உறைந்த ஏரிக்கு நட்டநடுவே ஒரு கிறிஸ்துமஸ் மரம் நின்றது, கழுத்தில் ஜிகினா மினுங்க. அடடா, கதை மாட்டிக்கொண்டது என்று வீட்டுக்கு ஓடிவந்து எழுதினேன்:

வெண்போர்வை போர்த்துத் துயிலும் ஏரியின் நெஞ்சில் ஒற்றையாய் ஒரு

(இதோடு நின்றுபோனது. மார்லிஸிடம் படித்துக் காட்டினேன். "ஏன், ஏரிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டாள்.)

மார்லிஸ் டுவோமினென்தான் இந்தக் கதைக்கு நாயகி. அமெரிக்காவில், வடக்கு விஸ்கான்சினில் எங்கள் மூஸ்டெயில் ஏரிப் பனிவண்டிச் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) சங்கத்துக்குத் தடப் பொறுப்பாளர். காட்டுத் தடத்தில் சாய்ந்த மரத்தை அறுப்பது, மேடு பள்ளம் நிரவுவது, ஏரியின்மேல் வழி குறிப்பது எல்லாம் அவள் தலையில். பண்டிகை முடிந்து ஊரார் தெருவில் வீசும் மரங்களைப் பொறுக்கி, பனிக்கட்டியில் துளை போட்டு வரிசையாக நட்டுவிடுவாள். மூடுபனியில் வண்டிக்காரர்கள் மரம் விட்டு மரம் பார்த்துக் கரை சேரலாம். ஏதோ அழகுக்கு வைத்தது என்று நினைத்த ஒரே ஆள் நான்தான்.

2

சங்கத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆகவே யாரையும் வேலையை விட்டுத் தூக்க முடியாது, பதவிதான் கொடுக்க முடியும். ரம்பம் பிடிக்க இரண்டு பேர், ரம்பத்தைப் பற்றிப் பேச மீதிப் பேர். (நம்மூர் நலச்சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து இடுப்பு நொந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.)

தலைவர் டுவேன் குபியாக். ஏரிக்கரையில் பார் வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலோடு அங்கேதான் கூட்டம்.

"மார்லிஸ், மரவரிசைய நேரா என் வாசலுக்குத் திருப்பிடு. ஜனங்க எதுக்கு ஊரச் சுத்திக்கிட்டு வரணும்?"

"அங்க ஓடை வந்து விழுது, டுவேன். அடியில தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். துளை போட்டுப் பாத்தேன், பனிக்கட்டி நாலு விரக்கடை கூட இல்ல. வண்டி போக ஒரு சாணாவது வேணும்."

"நாலு விரல்னா யாரு விரல்? உன்னதா, என்னதா?"

பார் முழுக்கச் சிரித்தது.

"அது போன வாரம் பாத்திருப்பே. இப்ப கெட்டியாயிருக்கும்" என்றான் செயலாளர் வெர்லின்.

"நேத்துப் பாத்தேன்டா!"

"சரி சரி, எதுக்கு வாய்ச்சண்டை?" என்றான் டுவேன். "ஜனநாயகமா முடிச்சுக்குவோம். ஓடை வாயில பனிக்கட்டி ஒரு சாண் இருக்குன்னு ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. சரியாக அந்த நேரம் பார்த்து மார்லிஸும் கை தூக்கினாள், மீனுக்குச் சாஸ் கொண்டுவரச் சொல்லி. அதையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள்.

"ஏகமனதா நிறைவேறிச்சு!"

"அட, நான் சாஸ் கேட்டேன்யா!"

"அடுத்த கூட்டத்துல திருத்தம் கொண்டு வா, பாத்துக்கலாம்."

விடிந்ததும் சங்கமே திரண்டு போய் மரங்களைப் பிடுங்கி மாற்றி நட்டது. ஒரு தீர்மானம் மறுநாளே அமலுக்கு வந்தது அங்கே அதுதான் முதல் தடவை. ஆனால் ஓடை வாயில் மட்டும் துளை போட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. அந்த இடத்தைத் தாண்டிக் கரையோரமாகச் சுற்றிப்போய் அடுத்த மரத்தை நட்டார்கள். ஏன் சுற்றுகிறோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

3

டுவேனை வில்லனாக்கத்தான் முதலில் நினைத்தேன். முறுக்கு மீசை கூட வைத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது: போன வருஷப் பனிப்புயலில் வழி தப்பிய குடும்பத்தைத் தேடி, தடம் நிரவும் இயந்திரத்தில் சூடான சூப்போடு காட்டுக்குள் போனவன் இதே டுவேன்தான். மனசறிந்து யாரையும் சாகவிட மாட்டான். எல்லாரும் ஒத்துக்கொண்டால் அது நிஜம் என்று உளமார நம்புகிறான், அவ்வளவுதான். மீசையை எடுத்துவிட்டேன். அவனை நிம்மதியாகத் திட்டக்கூட முடியவில்லையே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

4

ஞாயிறு காலை சங்கத்தின் சவாரி. ஏரியைத் தாண்டி டுவேன் கடையில் பேன்கேக். எப்போதும் முதல் வண்டி மார்லிஸின் தம்பி லென்னியுடையது. ஹெல்மெட்டுக்குள் மூச்சு படிகிறது என்று கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிற ஆள். கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்கு மாடும் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான்.

சனிக்கிழமை மார்லிஸ் போன் போட்டாள்.

"லென்னி, நாளைக்கு ஓடைப்பக்கம் போகாத. பழைய வழியில போ."

"மரம் அங்க இல்லையே அக்கா? மரம் எங்கயோ அங்கதான் நான். இத்தன வருஷமா உன் மரத்த நம்பித்தானே போறேன்."

"அது என் மரம் இல்லடா, சங்கத்து மரம். அங்க பனிக்கட்டி மெலிசு."

"ஒரு சாண்னு நீயே கை தூக்கினியாமே?"

"சாஸுக்குடா!"

"உனக்கும் டுவேனுக்கும் ஆயிரம் இருக்கும். என்னை நடுவுல இழுக்காத" என்று வைத்துவிட்டான். மார்லிஸுக்கு அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்றிருந்தது.

5

(இங்கே எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன.)

ஒன்று: லென்னி உள்ளே போகிறான். அங்கதத்துக்குப் பல் முளைக்கிறது. சங்கம் இரங்கல் தீர்மானம் போடுகிறது, அதுவும் ஏகமனதாக. எழுதிவிட்டு மார்லிஸிடம் காட்டவில்லை. ஒரு நையாண்டிக்காக ஒரு மனுஷனை முக்குவதா? சீச்சீ.

இரண்டு: மார்லிஸ் எல்லா மரத்தையும் பிடுங்கி எறிகிறாள். மூடுபனியில் வழி தெரியாமல் வண்டிகள் நாலாபக்கமும்

(இல்லை. இது இன்னும் மோசம்.)

மூன்று: பனிக்கட்டி தாங்கிவிடுகிறது. லென்னி பேன்கேக் தின்கிறான். அடுத்த வருஷம் மூன்று விரக்கடையே போதும் என்று கை தூக்குகிறார்கள். மூன்றில் எனக்கு அதிகம் பயமாக இருந்தது இதுதான்.

6

நடந்தது இது. ஞாயிறு வெளிச்சம் வந்ததும் மார்லிஸ் தனியாக ஏரிக்குப் போனாள். வழி பிரியும் இடத்திலிருந்து சங்கத்து மரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பழைய வழியில் நட்டுக்கொண்டே வந்தாள். மூடுபனி கவிந்தது. ஒரே ஒரு மரம் பாக்கி, ஓடை வாய்க்குச் சற்று முன்னால். அந்த ஜிகினா மரம். துளைக்குள் இறுகிப்போய் வருவேனா என்றது.

அக்கரையில் வண்டிகள் உறுமின. முதல் விளக்கு புறப்பட்டது.

கையை ஆட்டினாள். கத்தினாள். இரைச்சலில் எவன் கேட்டான்? விளக்கு அவளை நோக்கியே வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணாடி போடாத லென்னிக்கு அங்கே தெரிவது ஒரு மரத்துக்குப் பதில் இரண்டு மரம்! தடுக்க வந்தவளே வழிகாட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஜிகினாவைப் பிய்த்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பழைய வழிக்கு ஓடினாள். தான் துளை போட்டுக் கெட்டி என்று கண்ட இடத்தில், கைகளை உடம்போடு ஒட்டி, ஆடாமல் அசையாமல் நின்றாள். அந்தப் பக்கம் ஒரு மரம். இந்தப் பக்கம் ஒரு அக்கா. நடுவில் விளக்கு தயங்கியது.

மார்லிஸ் இதுவரைதான் சொன்னாள். அப்புறம் என்ன ஆச்சு என்று பதறினேன்.

"நீயா இருந்தா எதைப் பாத்து வந்திருப்பே?" என்று கேட்டுவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள்.

நீங்களும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் நட்ட எண்களைப் பார்த்தே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். அடியில் எத்தனை விரக்கடை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழாவது எண்ணை நான் நடவில்லை, கையிலேயே வைத்திருக்கிறேன். விளக்கு இன்னும் அங்கேதான் தயங்கி நிற்கிறது. எங்கே நடலாம் என்று நீங்களே போய்த் துளை போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், கை மட்டும் தூக்கிவிடாதீர்கள்.