முதுகுக்குப் பின்னால் நடக்கும் ஆட்டம்

இரண்டு வருடம் ஒரு ஆட்டம் விடாமல் ஸ்டேடியத்துக்குள் இருந்தேன். ஒரு கோல்கூடப் பார்க்கவில்லை. சொன்னால் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். கேலரிக்குக் கீழே, கம்பித் தடுப்பை ஒட்டி, மஞ்சள் சட்டை போட்ட ஆட்கள் நிற்பார்களே, அவர்களில் ஒருவன் நான். ஆட்டம் பார்ப்பது எங்கள் வேலை இல்லை. ஆட்டம் பார்க்கிறவர்களைப் பார்ப்பதுதான் வேலை. யார் தடுப்பைத் தாண்டப் பார்க்கிறான், யார் கையில் பாட்டில் இருக்கிறது, யாருக்கு மயக்கம் வருகிறது என்று கூட்டத்தின் முகத்தையே பார்த்து நிற்க வேண்டும். மைதானம் முதுகுக்குப் பின்னால். திரும்பினால் மேலே கேமராவில் தெரிந்துவிடும். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை கூலியில் பிடித்தம், மூன்றாம் தடவை சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது. இரண்டு தடவையும் நான் திரும்புவதற்குள் பந்து வலைக்குள் போய்விட்டது. ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கட்டிப்பிடிக்கிற கும்பல்தான் தெரிந்தது. அதைப் பார்த்ததற்குத்தான் பிடித்தம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு ஆட்டத்துக்கு எனக்குக் கொடுக்கிற கூலியை வைத்துக்கொண்டு, நான் காவல் காக்கிற இருக்கைகளில் ஒன்றில்கூட உட்கார முடியாது. மூன்றில் ஒரு பங்கு குறையும்.

முன்பு அப்படி இல்லை. நானும் உட்கார்ந்து பார்த்தவன்தான். மூன்றாவது வரிசை, நாற்பத்தொன்றில் அண்ணன், நாற்பத்திரண்டில் நான். பத்தொன்பது வருடம் அதே இரண்டு இருக்கை. அண்ணன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். நான் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிறவன். வாரம் முழுக்க அவர் மேலே பார்த்தும் நான் கீழே பார்த்தும் வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நேராகப் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். சீசன் பாஸுக்கு வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்போம். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஏற்றினார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினோம். அதற்கடுத்த தடவை ஏற்றியபோது என் வீட்டு வாடகையும் கூடவே ஏறியது. நான் விட்டுவிட்டேன். அண்ணன் விடவில்லை.

பாஸ் இல்லாமல் உள்ளே போக வேறு வழி தேடித்தான் இந்த மஞ்சள் சட்டைக்கு எழுதிப் போட்டேன். அந்தக் கேலரியிலேயே, அண்ணனுக்கு எதிரிலேயே என்னை நிறுத்தச் சொல்லி சூப்பர்வைசரிடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. ஒரு மாதம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்த செலவு என் தலையில்தான்.

முதல் நாள் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கைவிரலால் தொடையில் இரண்டு தட்டு தட்டினார். பந்து நம் பக்கம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிப் புரிந்தது என்று கேட்டால் தெரியாது, ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. மூக்கைத் தொட்டால் கார்னர். தொப்பியைக் கழற்றினால் கார்டு. எங்கள் அணியில் நெட்டையாக, கழுத்தை நீட்டி நீட்டி ஓடுகிற ஒருவனை எல்லோரும் ஒட்டகம் என்போம். அவனிடம் பந்து போனால் அண்ணன் புறங்கையால் தன் தாடையை மேலே தூக்கிக் காட்டுவார். ரெஃப்ரி தப்பு செய்தால் இல்லாத கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மாட்டிக்கொள்வார். அதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். மற்றதற்கெல்லாம் லேசாகத் தலையை ஆட்டுவேன். இப்படியே இரண்டு சீசன் ஓடியது. அண்ணன் கண்ணால்தான் நான் ஆட்டம் பார்த்தேன்.

இந்த வருடம் சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது கிளப்பிலிருந்து அண்ணனுக்குக் கடிதம் வந்தது. எங்கள் குடும்பத்தின் மதிப்புக்குரிய உறுப்பினரே என்று ஆரம்பித்து, பாஸ் விலை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு என்று முடித்திருந்தார்கள். குடும்பமாம். கிடக்கிறது. வாசலில் நின்று தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே அனுப்பச் சொல்கிறவர்கள் இவர்கள். பிடுங்குகிற வேலை எங்களுக்கு. ஒரு ஆட்டத்துக்கு ஒரு வாளி மூடி சேரும். மூடி இல்லாத பாட்டில் எத்தனை நேரம் தாங்கும்? உள்ளே மூன்று மடங்கு விலைக்கு வாங்கத்தான் வேண்டும். இருக்கையில் முழங்கால் இடிக்கும், கழிப்பறையில் பாதி நேரம் தண்ணீர் வராது, அணி வேறு பத்தாவது இடத்தில் தள்ளாடுகிறது. எதற்கு ஒன்றரை மடங்கு என்று யாரைக் கேட்பது? சூப்பர்வைசரைக் கேட்டேன். பிடிக்காதவர்கள் வாங்க வேண்டாம், வாங்க வெளியே வரிசை நிற்கிறது என்றார். அதுவும் உண்மைதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

அண்ணன் எப்படியும் கட்டிவிடுவதாகச் சொன்னார். மறு வாரம் அண்ணி டிப்போவுக்கு வந்தார்.

அண்ணி பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவர். எதற்கும் வந்து நிற்கிற ஆள் இல்லை. டயர் அடுக்குக்குப் பக்கத்தில் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வலது பக்கம் மூன்று பல் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு பக்கமாகவே மென்று மென்று அந்தப் பக்கமும் ஆட ஆரம்பித்துவிட்டதாம். இப்போது கட்டாவிட்டால் பிறகு கட்ட ஈறில் பிடிமானம் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு அவர் சொன்ன தொகையும் பாஸ் விலையும் கிட்டத்தட்ட ஒன்று. இதை அண்ணனிடம் சொல்லவே இல்லையா என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பேனா தம்பி? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்கறாரு. அவருக்காகப் போறாருன்னா சண்டை போட்டிருப்பேன். நான் போகலன்னா தம்பி அங்க குருடன் மாதிரி நிப்பான்ங்கறாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"நீங்க வேணாம்னு சொன்னா விட்டுடுவாரு" என்றார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார். டீ சொல்கிறேன் என்றேன், சூடு பட்டால் கூசுகிறது என்று சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேனே, எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வாரத்தில் எனக்கென்று இருக்கிற ஒன்றரை மணி நேரம், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு, அதையும் பிடுங்க வேண்டுமா என்று தோன்றியது. அண்ணன் இல்லாவிட்டால் அந்தச் சத்தத்துக்கு நடுவில் கம்பத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு நாள் அண்ணி மேல் மனசுக்குள் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து இரண்டு பக்கமும் நன்றாக மென்று தின்றுகொண்டிருந்தபோது வெட்கமாகப் போய்விட்டது.

வேண்டாம் என்று சும்மா சொன்னால் அண்ணன் கேட்க மாட்டார். அவருக்காக நான் எதையாவது விட்டுக்கொடுக்கிறேன் என்று தெரிந்தால் இன்னும் பிடிவாதம் பிடிப்பார். அதனால் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு அவர் வேலை செய்கிற இடத்துக்குப் போனேன். காலி வீடு, தரை முழுக்கப் பழைய செய்தித்தாள். ஏணி மேல் நின்று கூரைக்கு ரோலர் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். நீ அங்க உக்காந்து கையக் காட்டறல்ல, நான் அதப் பாக்கறதே இல்ல."

ரோலர் நிற்கவில்லை. "எப்போலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே. கூட்டத்தப் பாக்கவே நேரம் சரியா இருக்கு. நீ மனசு கஷ்டப்படுவியேன்னு தலைய ஆட்டி வெச்சேன். என்னை நெனச்சு பாஸ் எடுக்காத."

பெயிண்ட் சொட்டிய இடத்தைப் பார்த்துக் கீழே இறங்கி, ஏணியை இரண்டடி தள்ளிப் போட்டு, மறுபடி ஏறினார். சரி என்று மட்டும் சொன்னார். இதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம். அன்று டிப்போவுக்கு நடந்தே திரும்பினேன். இத்தனை பெரிய பொய்யை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

கடைசி ஆட்டம் அந்த ஞாயிறு. பாஸைப் புதுப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள். அண்ணன் வந்து நாற்பத்தொன்றில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி மைதானத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக ஐந்தாவது வரிசையில் ஒரு சொட்டைத் தலையைப் பார்த்து நின்றேன். என் பொய்யை நான்தானே காப்பாற்ற வேண்டும்.

இருபது நிமிடம் போயிருக்கும். ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. அண்ணனின் வலது கை வெளியே வந்து தொடையில் இரண்டு தட்டு தட்டியது. உடனே அதை இடது கையால் பிடித்து மறுபடி உள்ளே தள்ளினார். ஐந்து நிமிடத்தில் மூக்கைத் தொட்டார். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். இரண்டாம் பாதியில் அவர் கையை அடக்குவதையே விட்டுவிட்டார். தாடை உயர்ந்தது, தொப்பி கழன்றது, எல்லாம் நடந்தது. நான் அசையவில்லை.

அப்போது கூட்டம் முழுக்க ஓ என்று சிரித்தது. ரெஃப்ரிக்கு ஏதோ ஆகியிருக்கிறது. அண்ணன் இல்லாத கண்ணாடியைக் கழற்றினார், சட்டையில் துடைத்தார், கைதவறிக் கீழே விட்டார். பிறகு அந்த மனிதர், ஐம்பத்திரண்டு வயது, இருக்கைக்கு அடியில் குனிந்து, பக்கத்துச் சீட்டுக்காரரின் காலை விலக்கிக்கொண்டு, அந்தக் கண்ணாடியைத் தேடினார். ரெஃப்ரி வழுக்கி உட்கார்ந்துவிட்டார் என்று புரிந்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். நிமிர்ந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

ஆட்டம் முடிந்து எங்களை வெளியே விட ஒரு மணி நேரம் ஆகும். அண்ணன் வழக்கம்போல பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார்.

"பாக்கறதே இல்ல?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடா சிரிச்ச?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். அண்ணி வந்து சொன்னாளா என்று கேட்டார். அதற்கும் நான் சாலையைத்தான் பார்த்தேன். அவருக்குப் பதில் தேவைப்படவும் இல்லை.

"நீ பாக்கலன்னு சொன்ன அன்னிக்கு எனக்கு ரொம்ப வலிச்சுது. ஆனா ராத்திரி படுத்ததும் ஒரு நிம்மதி வந்துச்சு பாரு. சரி, கடைசி ஆட்டத்தையாவது நாம பாத்துடலாம்னு. ரெண்டு வருஷமா நான் ஒரு கோலும் ஒழுங்கா பாக்கலடா. ஒண்ணப் பாத்து உனக்குச் சொல்றதுக்குள்ள அடுத்தது நடந்து முடிஞ்சிடுது. கோல் விழுந்தா நான் உன் மூஞ்சியத்தான் பாக்கறேன்."

ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். இன்னொருவர் அத்தனை காசு கொடுத்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் ஆட்டத்தை யாருமே பார்க்கவில்லை.

"இன்னிக்காவது பாத்திருக்கலாமே" என்றேன்.

"எங்க. கை சொன்ன பேச்சக் கேட்டாத்தானே." பஸ் வந்தது. ஏறும்போது திரும்பாமலே சொன்னார். "நாளைக்கு நான் பணம் கட்டல. அவ பல்லக் கட்டட்டும்."

அண்ணிக்குப் பல் கட்டியாகிவிட்டது. போன மாதம் வீட்டுக்குப் போனபோது ஒரு ஆப்பிளை முழுசாகக் கடித்துக் காட்டினார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ தானே செய்த வேலை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோ வைக்கிறாராம். யாராவது எதிரில் வந்து உட்கார்ந்தால் கை தானாகத் தொடையைத் தட்டுகிறதாம். அண்ணிக்குக் கார்னர் வரைக்கும் புரிய ஆரம்பித்துவிட்டது.

புது சீசனின் முதல் ஆட்டத்துக்கு நாற்பத்தொன்றில் ஒரு இளைஞர் வந்தார். மடிப்புக் கலையாத புது ஜெர்சி, பெரிய போன். ஒரே ஒரு ஆட்டத்துக்கு அவர் கொடுத்திருக்கிற காசு எனக்குத் தெரியும், மேலே சொல்ல வாய் வரவில்லை. நல்ல பையன்தான், வரும்போது எனக்கு வணக்கம் வைத்தார். முதல் பாதி முழுக்கச் சாப்பிட வாங்கப் போவதும் வருவதுமாக இருந்தார். அவர் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் எழுந்து மைதானத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்துத் தன்னைத்தானே படம் எடுக்க ஆரம்பித்தார். பின்னால் இருப்பவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். நான் சொல்லத்தான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அப்போது போனின் திரை கண்ணில் பட்டது. அதில் அவர் முகம். முகத்துக்குப் பின்னால் மஞ்சளாக நான். எனக்குப் பின்னால், கட்டை விரல் அகலத்துக்குப் பச்சையாக மைதானம். யாரோ நெட்டையாக ஒருவன் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். பந்து வலையில் விழுந்தது. பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு கோலை முழுசாகப் பார்த்தேன்.

ஸ்டேடியமே எழுந்து நின்று கத்தியது. இளைஞர் திடுக்கிட்டுத் திரும்பினார். எல்லாம் முடிந்திருந்தது, கட்டிப்பிடிக்கிற கும்பல்தான் மிச்சம். பரபரவென்று என் பக்கம் குனிந்து கேட்டார்.

"சார், யாரு அடிச்சது?"

அந்தச் சத்தத்தில் நான் என்ன சொன்னாலும் கேட்காது. என் கை தானாக மேலே போய், புறங்கையால் தாடையைத் தூக்கிக் காட்டியது.

அவர் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார்.