சின்னப்பர் ஊரைச் சுற்றிப் பார்த்தவன்

ரகுபதியின் டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து டோரதி கதவைச் சாத்துவதற்குள் பாதித் தெரு வெளியே கூடிவிட்டது. எல்லாம் பூசை முடிந்த கையோடு வந்த ஜெபக்கூட்டத்துப் பெண்கள். முன்வரிசையில் அவள் மாமியார் அருளாயி. அவள் புருஷன் வெள்ளத்துரை வேலை பார்க்கும் கப்பல் துருக்கியில் மெர்சின் துறைமுகத்தில் நிற்கிறது, அப்போஸ்தலர் சின்னப்பர் பிறந்த தர்சு பட்டணம் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று பங்குச் சாமியார் சொன்ன நாளிலிருந்து இவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்னொரு அப்போஸ்தலர் ராயப்பருக்குக் கோயில் கட்டி, ஊருக்கே அவர் பேரை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள், சின்னப்பரை மட்டும் விட்டுவிடுவார்களா என்ன. அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஆளுக்கு ஒரு மடக்காவது வேண்டுமாம்.

டோரதிக்குத் தண்ணீர் வேண்டாம். புருஷன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் போதும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கோயில் வாசலில் ரோஸ்மேரி அவள் கையைப் பிடித்துத் தனியாக இழுத்தாள். ரோஸ்மேரியின் புருஷன் ராசையாவும் அதே கப்பல்தான்.

"கப்பலு பொதன்கெழமயே கெளம்பிட்ச்சாம் டோரதி. நேத்து எகிப்துலேர்ந்து பேசுனாரு. உன் வூட்டுக்காரரு எப்டி கீறாருன்னு கேட்டேன். லைனு சரியில்லன்னு வெச்சிட்டாரு."

கப்பலிலிருந்து இறங்கி ஓடிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்ச் சந்து ரீட்டாவின் புருஷன் அப்படித்தான் கிரேக்க தேசத்தில் இறங்கினான். இறங்கினவன் இறங்கினவன்தான். ரீட்டா இன்றைக்கும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பூசைக்கு வருகிறாள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தனக்கும் அந்தக் கதிதானா என்று நினைக்கும்போதே மணி அடித்தது; டோரதி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

"டோரதி, கேக்குதா? எல்லாம் பாத்துட்டேன் மே," என்றான் வெள்ளத்துரை. குரல் என்னமோ உற்சாகமாகத்தான் இருந்தது. "ஊரு ஓரத்துலயே ஒரு அருவி கீது. வெள்ள வெளேர்னு கொட்டுது. பக்கத்துலயே மேச நாற்காலி போட்டு டீ குடிக்கிறானுங்க. அப்பால ஒரு பெரிய கல்லு வாசலு. கிளியோபாத்ரா ராணி ஆத்துலயே படகுல வந்து அந்தப் பக்கமாத்தான் ஊருக்குள்ள பூந்துச்சாம். கறுப்புக் கல்லு பாவுன ரோடு ஒண்ணு, அந்தக் காலத்து ராஜாங்க போட்டது..."

"எப்ப பாத்த?"

"இன்னிக்கி காலைல அருவி. நேத்து சாயங்காலம் வாசலு."

கரையிறங்க அனுமதி கிடைத்தாலும் பொழுது சாய்வதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். கப்பல்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? நேற்றும் அந்த ஊரில் இருந்திருக்கிறான், இன்றும் இருக்கிறான், கப்பலோ எகிப்தில். அவன் பேச்சுக்குப் பின்னால் துறைமுகத்து இரைச்சல் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பெண் குரல் கேட்டது. புரியாத பாஷையில், உரிமையோடு அவனை ஏதோ கேட்டது.

கண்ணாடியைத் தட்டினாள் அருளாயி. "கெணத்த பாத்தானான்னு கேளு!"

டோரதி தலையை ஆட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் நாளைக்குத் தெருவெல்லாம் இதே பேச்சாகிவிடும். யாரவள் என்று கேட்க வாய் வரவில்லை. வந்தது வேறு.

"அந்த அருவி... சத்தம் எப்டி கீது?"

"இன்னாது?"

"அருவின்ற, கொட்டுதுன்ற. சத்தம் எப்டின்னு கேக்கறேன். கிட்டக்க நின்னு பேசுனா காது கேக்குமா?"

எதையும் ஒன்றுக்கு நாலாகச் சொல்கிற வாய் அவனுடையது. இரைச்சலா இருந்துச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அது ஏனோ அவனுக்குத் தோன்றவில்லை.

"நீ அந்த அருவிகிட்ட போவவே இல்ல," என்றாள் டோரதி. "யாரு அந்தப் பொம்பள? எங்க கீற நீ?"

"அது நர்சும்மா." குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "கப்பல கட்ற கயிறு அறுந்து வீசிட்ச்சி டோரதி. இங்க ஆஸ்பத்திரில சேத்தாங்க. எதிர் செவுத்துல ஒரு காலண்டரு மாட்டிகீது, அதுல மாசத்துக்கு ஒரு எடம். உன்னாண்ட சொல்ல இன்னா கீதுன்னு, அத்தினி தாளயும் திருப்பிக் காட்டச் சொன்னேன்."

"எங்க பட்டுச்சி?"

"எடது காலு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க."

ஓடிப்போகவில்லை என்றுதான் முதலில் அவள் மனசுக்கு எட்டியது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. நீ வா, எப்படியிருந்தாலும் வா என்று சொன்னதாகத்தான் நினைத்தாள். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

"அழுவாத மே. அம்மா கீதா அங்க? அதுகிட்ட இப்ப சொல்லாத. நானே வந்து பக்கத்துல ஒக்காந்து சொல்றேன். போன குடு."

டோரதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். அருளாயி அவளைத் தள்ளாத குறையாக உள்ளே புகுந்து, கதவைச் சாத்தக்கூட மறந்து, ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"ராசா, சின்னப்பரு கெணத்தப் பாத்தியா? கேளுங்கடி, கல்லு வெச்சிக் கட்டுன சின்னக் கெணறாம்! எறைக்கறதுக்கு மேல கப்பி கீதாம்! குடிச்சியா? ஜில்லுனு கீதாம்!"

பெண்கள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ரோஸ்மேரி மட்டும் டோரதியின் முகத்தையே பார்த்தாள். பார்த்துவிட்டு, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்ளோ தூரம் எப்டிடா போன? வண்டி வெச்சிகினியா?" கிழவி பதிலைக் கேட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "வண்டி கிண்டி ஒண்ணும் இல்லியாம். ஊரு பூரா நடந்தே சுத்துனானாம் எம்புள்ள!"

சுவரில் போன் உயரத்தில் இருந்தது. வயரும் கட்டை. அருளாயி செருப்பை வெளியே கழற்றிவிட்டு, இரண்டு கால் விரல்களையும் தரையில் ஊன்றி எம்பி நின்று, இன்னும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.