பச்சை நாற்காலி

தங்கச்சி கேத்லீன் பிரான்சுக்குப் போன நாளிலிருந்து புனிதாவுக்கு வயிற்றெரிச்சல். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்தான். கோலாலம்பூரில் பெரிய வீடு, சொன்னதைக் கேட்கிற புருஷன் லியோனல் எல்லாம் இருக்கிறவள், இப்போது ஏதோ ஒரு பிரெஞ்சுக் கிராமத்தில் விடுமுறை வீடு எடுத்துக்கொண்டு, காலையில் ரொட்டி, மத்தியானம் மீன், சாயங்காலம் வைன் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் படமாகப் போட்டுத் தள்ளினாள். இங்கே பாயா ரும்புட் என்ற சின்ன ஊரில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குகிறவளுக்கு எரியாமல் என்ன செய்யும்?

"படம் பாத்தியாக்கா?" என்று கேத்லீன் கேட்டால், "எங்கடி நேரம், ஆபீஸ்ல அவ்ளோ வேலைலா" என்பாள் புனிதா.

பார்க்காமலா இருந்தாள்? அந்த ஊரையே போன் வரைபடத்தில் தேடிப் பிடித்து, தெருத்தெருவாக விரலால் நடந்தாள். எந்தக் கடையில் என்ன கிடைக்கும், சாப்பிட்டவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒன்று விடாமல் தமிழாக்கிப் படித்தாள். கேத்லீன் தினமும் போய் உட்காரும் சந்தைத் திடல் உணவகத்தைப் பற்றி, "சூப் ஆறிப்போய் வந்தது" என்று யாரோ குறை சொல்லியிருந்தார்கள். அதைப் படித்த அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அப்படி நடந்தபோதுதான் அந்தக் கடை அகப்பட்டது. பாலத்தைத் தாண்டி, மாதா கோயிலுக்குப் பின்னால், பெரிய மரத்தடியில் நாலு மேசை. ஆற்றைப் பார்த்தபடி ஒரு பச்சை நாற்காலி. திறக்கும் நேரம்கூடப் போடாத கடை. ஆனால் அங்கே சாப்பிட்ட ஒருத்தர் எழுதியிருந்தார்: மத்தியானம் முழுக்க அடுப்பு அணையாது, எப்போது போனாலும் மீன் சூப் உண்டு. கேத்லீன் கண்ணில் இது படவே இல்லை. புனிதா அந்த நாற்காலியைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டாள். ஒரு சூப், குளிர்ந்த வெள்ளை வைன் ஒரு கிளாஸ். கிறிஸ்துமஸ் வைனைத் தவிர வேறெதையும் அவள் வாயில் வைத்ததில்லை. அதனால் என்ன, நாற்காலி அவளுடையது.

"பிரான்சு போய்ட்டு வந்துட்டியா? வந்துட்டா ஒரு தோசை ஊத்து," என்பார் புருஷன் அம்புரோஸ்.

அன்றும் தோசைதான். கல்லில் மாவை ஊற்றும்போது போன் அடித்தது. இங்கே இருட்டிவிட்டது, அங்கே இன்னும் மத்தியான வெயில்.

"அக்கா, பசியில உயிர் போகுதுக்கா," என்றாள் கேத்லீன். "சுத்திட்டு லேட்டா வந்தோம், எல்லாக் கடையும் அடைச்சிட்டாங்க. இனி ராத்திரிக்குத்தான் தொறப்பாங்களாம். நம்மூரு மாமாக் சாப்பாட்டுக் கடை மாதிரி எந்நேரமும் இருக்கும்னு நெனச்சிட்டேன்லா. கொண்டாந்த மேகியும் முடிஞ்சிருச்சு. லியோனலுக்கு வேற சுகர், அது எறங்கிப்போய் கை நடுங்குது. மிட்டாய் குடுத்து உக்கார வச்சிருக்கேன். வயித்துக்கு எதாச்சும் வேணும்ல?"

நன்றாக வேண்டும் என்றுதான் புனிதாவுக்கு முதலில் தோன்றியது. அடுத்து பச்சை நாற்காலி கண்ணில் வந்து நின்றது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த ஊரில் தங்கச்சிக்கு இல்லாமல் தனக்கு மட்டும் இருப்பது அது ஒன்றுதான். அதையும் தூக்கிக் கொடுக்க வேண்டுமா?

போனில் லியோனல் தண்ணீர் கேட்பது கேட்டது. குரல் மிகவும் தளர்ந்திருந்தது. கல்லில் தோசை கருகியது.

"பாலத்தத் தாண்டு," என்றாள் புனிதா.

"எந்தப் பாலம்?"

"கோயிலுக்குப் போற பாலம்டி. கோயிலுக்குப் பின்னாடி, மரத்தடியில ஒரு கடை. எப்பப் போனாலும் சூப் குடுப்பாங்க. போ."

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"ஆபீஸ்ல யாரோ சொன்னாங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மிச்சத் தோசையையும் ஊற்றிப் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தபோது குடும்ப வாட்ஸ்அப்பில் படம் வந்தது. லியோனல் சூப் கிண்ணத்தைக் காலி செய்திருந்தார். கீழே கேத்லீன் எழுதியிருந்தாள்: "யாருக்கும் தெரியாத இடம், நாங்களே கண்டுபுடிச்சோம்!" பெரியப்பா மகன் வசந்தன் உடனே, "கேத்லீன்னா கேத்லீன்தான்" என்று கைதட்டினான். படம் பார்க்க நேரமே இல்லாதவள் எந்த வாயால் அது என்னுடையது என்று கேட்பாள்?

"சாப்ட்டாங்களாமா?" என்றார் அம்புரோஸ்.

"சாப்ட்டாங்க."

அவர் கை கழுவப் போனதும் புனிதா படத்தை விரலால் பெரிதாக்கினாள். மரத்தடியில், ஆற்றைப் பார்த்துக்கொண்டு, கையில் வெள்ளை வைனோடு, சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் கேத்லீன்.

"எந்திரிடி," என்றாள் புனிதா போனைப் பார்த்து. "அது என் நாற்காலி."