புறங்கை

விதைக் கிடங்காக இருந்த அந்தக் கட்டடத்தில் இப்போது விதை இல்லை. தூசி மட்டும் குடியிருந்தது. காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பயிற்சி மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். விட்டால் சென்சாரின் கண்ணில் தூசி படிந்து, வராத பெட்டியை வந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும்.

"வயசானவங்க மாதிரிதான் இதுவும்," என்பான் கூடப் பயிற்சிக்கு வரும் டிராக்டர் டிரைவர். "யாருமே வராம, யாரோ வந்துட்டாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். காயில்காரருக்குச் சிரிப்பு தாமதமாகத்தான் வரும். அது வரும்போது மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

எரிந்துபோன பம்பு மோட்டார்களைப் பிரித்து, செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி, காயில் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். சுற்றுவட்டாரத்தில் அவர் கை படாத கிணறு இல்லை. ஆனால் கிணற்றில் தண்ணீர் இருந்தால்தானே மோட்டார் ஓடும், ஓடினால்தானே எரியும்? நாற்பதைத் தாண்டிய பிறகு, களையெடுப்பவர்களோடும் பால் கறப்பவர்களோடும் சேர்ந்து, மெஷின் வேலை பழக அவரும் இந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

மேசை மேல் ஓர் ஆள் நீளத்துக்குக் கன்வேயர் பெல்ட். அதை ஓட்ட ஒரு மோட்டார். பெல்ட்டில் வரும் பெட்டியைச் சென்சார் பார்க்கும்; நசுங்கிய பெட்டி என்றால் ஓரத்தில் இருக்கும் கோல் காற்றின் விசையில் நீண்டு அதைப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிடும். எப்போது பார்க்க வேண்டும், எப்போது தள்ள வேண்டும் என்பதெல்லாம் மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியின் மூளையில் இருந்தது.

முதல் நாள் இதையெல்லாம் அவர் மனைவியிடம் போனில் விவரித்தார். பக்கத்து டவுன் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. தொழிற்சாலை மதிலுக்குள்ளேயே இருந்த பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள்.

"அது நான் செய்யற வேலைங்க," என்றாள் அவள், கேட்டு முடித்ததும்.

தொழிற்சாலை அதைப் பிறகு வெளிப்படையாகவே சொன்னது. பெரிய மெஷின் வருகிறது. வந்ததும் நசுங்கிய பெட்டிகளைப் பிரித்தெடுக்கும் பெண்களுக்கு வேலை இருக்காது. மெஷினைப் பார்த்துக்கொள்ள நாலு பேரை இந்தப் பயிற்சியிலிருந்து எடுப்பார்கள். அவர்களுக்குக் குடியிருக்க வீடும் உண்டு.

அவள் அழவில்லை. "போகப்போறது என் வேலை, வரப்போறது உங்க வேலை. எப்படியும் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்," என்றாள். அதன் பிறகு காயில்காரருக்குத் தூக்கம் குறைந்தது.

சொல்லிக் கொடுத்தது தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு பெண். அவரைவிட வயதில் சின்னவள், எல்லோருக்கும் மேடம். அவள் பாடம் நாலே சொல்: அணை, பூட்டு, அள, தொடு. மின்சாரத்தையும் காற்றையும் அணைக்க வேண்டும். வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்ட வேண்டும். மீட்டரால் அளக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தொட வேண்டும்.

காயில்காரருக்கு வரிசை தலைகீழ். அவர் முதலில் தொடுவார். அதுவும் புறங்கையால். உள்ளங்கையால் தொட்டால், கரன்ட் இருந்தால் விரல்கள் மடங்கி அதையே பிடித்துக்கொள்ளும், விடாது. புறங்கை என்றால் மடங்கும்போதே விலகிவிடும். டெஸ்டர் இல்லாத கிணற்று மேடுகளில் இதை நம்பித்தான் அவர் இத்தனை வருடம் உயிரோடு இருந்தார்.

வேலை முடிந்த பிறகும் ஒரு தரம் வைப்பார். மோட்டாரை ஓடவிட்டு, அதன் உடம்பில் புறங்கையை வைத்துச் சூட்டையும் அதிர்வையும் பார்ப்பார். மோட்டாரின் சொந்தக்காரர்களுக்கு அதுதான் கணக்கு. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தாலும், "கை வச்சுப் பாத்தாச்சா?" என்று கேட்பார்கள். வைத்துவிட்டு அவர் தலையாட்டினால்தான் வேலை முடிந்தது.

"அண்ணே, கை!" என்று மேடம் முதல் வாரம் முழுக்கக் கத்தினாள். அப்புறம் வகுப்பே கத்த ஆரம்பித்தது. அவர் மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினால்கூட, "கை! கை!" என்றான் டிராக்டர் டிரைவர்.

மேடம் மட்டும் ஒருநாள் தணிந்த குரலில் சொன்னாள். "இந்த மேசை உங்களை ஒண்ணும் பண்ணாதுண்ணே. அங்க இருக்கிறது பண்ணும். எங்கூட வேலை பாத்த ஒருத்தர் ஓடுற ரோலர் பக்கத்துல கைய வச்சாரு. சட்டையைப் பிடிச்சு இழுத்துடுச்சு." அவள் சொல்வது சரி என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தப்பு என்றாலாவது எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

விடுமுறையன்று மனைவியைப் பார்க்கப் போனபோது கை அடங்காததைச் சொன்னார். "கையப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க," என்றாள் அவள். "எங்க வீட்டுக்கு மொத மொத பொண்ணு பாக்க வந்தப்போ நின்னீங்களே, வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி. அப்படி."

அந்தச் சிரிப்பு மட்டும் அவருக்கு உடனே வந்தது.

சோதனை நாளன்று தொழிற்சாலையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மேசையில் வேண்டுமென்றே ஒரு கோளாறு வைத்திருப்பார்கள்; அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஆளுக்கு ஒரு வாய்ப்பு. மேசையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோக லாரி வாசலில் நின்றது. சோதனை முடிந்ததும் ஏற்றிவிடுவார்கள்.

காயில்காரர் முறை வந்தது. பெல்ட் ஓடியது. நசுங்கிய பெட்டி வந்தது. சென்சாரில் விளக்கு எரிந்தது, கோல் நகரவில்லை. பார்த்தது, தள்ளவில்லை. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யோசித்தார். அணைத்தார். பூட்டினார். மீட்டரை வைத்து அளந்தார். கோலுக்குக் காற்றைத் திறந்துவிடும் வால்வின் வயர் ஒன்று திருகுக்கு வெளியே தொங்கியது. அதை உள்ளே நுழைத்து முறுக்கினார். மூடியை மாட்டினார். பூட்டைக் கழற்றி ஓடவிட்டார்.

பெட்டி வந்தது. கோல் நீண்டது. பெட்டி தட்டில் விழுந்தது.

அதிகாரி எழுதக் குனிந்தார். மேடம் முகத்தில் வெளிச்சம். எல்லாம் முடிந்துவிட்டது என்று காயில்காரர் உடம்புக்குத் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் முதுகில் புறங்கையை வைத்துத் தலையாட்டினார்.

யாரும் "கை" என்று கத்தவில்லை. அதிகாரி பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார்.

"சார், அது மோட்டாரோட உடம்புதான்," என்றாள் மேடம். "சுத்துற பக்கம் இல்ல."

"ஓடிட்டிருந்துச்சா இல்லையா?" என்றார் அதிகாரி. குரலில் கோபமில்லை. "இதை நான் எழுதலேன்னா நாளைக்கு இவரு அங்க வைப்பாரு. நீங்களே சொல்லுங்கம்மா, வைப்பாரா மாட்டாரா?"

மேடம் காயில்காரரைப் பார்த்தாள். அவர் கீழே பார்த்தார்.

"வைப்பேன் சார்," என்றார் அவர்.

தேர்வானவர்களில் டிராக்டர் டிரைவரும் ஒருவன். வாசலில் வந்து பக்கத்தில் நின்றான். "அண்ணே, நான் தெரியாத்தனமா பாஸாயிட்டேன்ணே," என்றான். வேடிக்கையாகச் சொல்ல நினைத்தது பாதியில் உடைந்துபோனது. காயில்காரர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். பின்னால் மேசையை லாரியில் ஏற்றுபவர்கள், "மெதுவா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டவுனுக்குப் போய்ச் சேரும்போது மாலையாகிவிட்டது. விடுதி வாசலில் ஆள் அனுப்பிச் சொல்ல, அவள் தலையில் வேலைத் தொப்பியோடு இறங்கி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றினாள்.

"கடைசியில தொட்டுட்டேன்."

"எல்லாம் முடிச்சப்புறமா?"

"முடிச்சப்புறம்தான்."

கம்பிக் கதவின் இரண்டு பக்கமும் இருவரும் நின்றார்கள். சைக்கிள்கள் போயின. ஒரு பெண் போனில் யாரையோ திட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

"சூடா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. நல்லா ஓடிச்சு."

அவள் தலையாட்டினாள். "இன்னைக்குப் பெரிய மெஷினை இறக்கிட்டாங்க. எங்க லைன் இருந்த இடத்துலதான் வைக்கப்போறாங்களாம். தரையக் கழுவி விடச் சொல்லிருக்காங்க."

"நீ எதுக்குக் கழுவணும்?"

"வேற யாரு கழுவுவா? நாங்க நின்ன இடந்தானே."

உள்ளே தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அவள் தொப்பிக்குள் முடியைச் செருகிக்கொண்டாள். "சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள், எங்கே என்று சொல்லாமல். மற்ற பெண்களோடு அவளும் நடந்து போனாள்.

காயில்காரர் மதிலோரமாக நின்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அப்புறம் பல துடைப்பங்கள் ஒரே நேரத்தில் சிமென்ட் தரையைத் தேய்க்கும் சத்தம். அதில் எது அவளுடையது என்று கேட்டுப் பார்த்தார். பிரித்துச் சொல்ல முடியவில்லை.