ஜெர்மனில் ஒரு அண்ணன்

...இல்லை, நாயைப் பற்றிச் சொல்லவே இல்லை, அந்த மட்டுக்கு அவள் நேர்மையாகத்தான் இருந்தாள், அண்ணனை மட்டும்தான்... ஜூலியா பள்ளி வராந்தாவில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்புப் பெற்றோர் சந்திப்பு வரிசையில் தங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று மறுபடி எண்ணினாள், மூன்று. கதவுக்கு அந்தப் பக்கம் ஜெர்மன் ஆசிரியை ஜ்யோத்ஸ்னா மேடம். வாய்மொழித் தேர்வில் இருபதுக்கு இருபது போட்ட மகராசி. போட்டதோடு விட்டிருக்கலாம், உங்கம்மா வரட்டும், உன் அண்ணனைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லியும் வைத்தார்... ஜூலியா வீட்டுக்கு ஒரே பிள்ளை. மயூர் விஹாரில் அவர்கள் ஃப்ளாட்டின் இரண்டு அறைகளில் அண்ணன் என்று எவனையும் எவரும் பார்த்ததில்லை.

தப்பு முழுக்க அவளுடையதா என்ன? 'என் குடும்பம்' என்ற பதிலை சீனியர் ஒருத்தியின் நோட்டிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து வகுப்பே உருப்போட்டது, அதில் அப்பா, அம்மா, மக்ஸ் என்றொரு அண்ணன், ஒரு நாய். முப்பத்தோரு பேருக்கும் ஒரே குடும்பம், கேட்டுக் கேட்டு மேடத்துக்குக் கொட்டாவி வந்திருக்கும். ஜூலியாதான் அதிகப்பிரசங்கித்தனமாக, பாளையங்கோட்டைக்காரர் வீட்டில் மக்ஸ் ஏது என்று ஜோஷ்வா ஆக்கினாள்... மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார், நோட்டில் இல்லாத கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார். எப்படி இருப்பான், என்ன செய்வான்? தெரிந்த சொற்களை வைத்துத்தானே அவனைச் செய்ய முடியும், உயரம் என்ற சொல் தெரியும், உயரமானான், சமையல் தெரியும், சமைத்தான், வெங்காயம் தெரியும், வெங்காயம் பிடிக்காதவன் ஆனான், வீட்டில் இருக்கிறானா என்றதற்கு இல்லை, தூரத்தில் என்றாள், இரண்டும் சின்னச் சொற்கள். பொய் சொல்கிறோம் என்றே அப்போது தோன்றவில்லை, அதுதான் ஆச்சரியம். அதற்கப்புறம் பதினைந்து நாளாக அவன் போக மாட்டேன் என்கிறான்... மெட்ரோவில் நின்றுகொண்டே வருவானா, இடம் பிடித்துக் கொடுப்பானா, அப்பா கத்தினால் பதிலுக்குக் கத்துவானா, அவளை எப்படிக் கூப்பிடுவான்? இல்லாத ஒருத்தனைப் பற்றித் தெரிந்துகொள்ள இவ்வளவு ஆசை எங்கிருந்து வருகிறது?

"ஏட்டி, நிமிந்து உக்காரு," என்றாள் அம்மா. மார்கரெட் சிஸ்டர், ஆஸ்பத்திரியில் டூட்டி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். மதிப்பெண் குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வாள், பொய்யை மட்டும் பொறுக்க மாட்டாள். ஒருமுறை சர்ச்சுக்குப் போனேன் என்று சொல்லிவிட்டு ஜூலியா மாலுக்குப் போனதற்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. இதற்கு எத்தனை நாளோ... மேடம் முன்னால் அம்மா விழிக்கப்போகும் அந்த நிமிடம் வருவதற்குள்... சொல்லிவிடலாம், இப்போதே.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"பொறவு சொல்லு. கூப்பிடுதாவ பாரு."

உள்ளே போனதும் மேடம் முதலில் இலக்கணம், பிறகு கையெழுத்து என்று போனார், ஜூலியா மேஜையில் இருந்த மை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்காமல் விட்டுவிடுவாரோ, மறந்துவிட்டாரோ... "அச்சா, அவுர் ஆப்கா பேட்டா?" பையன் எப்படி இருக்கிறான், அவனைப் பற்றி உங்கள் மகள் எவ்வளவு அழகாகப் பேசினாள் தெரியுமா, அவனுக்கு இப்போது என்ன வயது? முடிந்தது. ஜூலியா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. நன்றாக இருக்கிறான் என்றாள் இந்தியில், வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசும் அதே நிதானத்தில். வருகிற டிசம்பர் ஒன்பதாம் தேதி வந்தால் பத்தொன்பது முடியும் என்றாள். பிறகு, இவளுக்கு இலக்கணத்துக்கு டியூஷன் வேண்டுமா என்று கேட்டாள்.

வெளியே வந்தார்கள். இப்போது கேட்பாள், படியில் கேட்பாள், கேட்டைத் தாண்டியதும் கேட்பாள்... காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதையே நாலு தரம் கேட்கிறவள் ஒன்றும் கேட்காமல் நடந்தாள், குறுக்கே வந்த ஆட்டோவிடம் "நஹி பையா" என்றாள். கோபமா? முகத்தில் கோபம் இல்லை. காப்பாற்றத்தான் சொன்னாள் என்றால் இருபது என்றால் போதுமே, தேதி எதற்கு? டிசம்பர் ஒன்பது... அன்றைக்கு அம்மா வருஷா வருஷம் லீவு போட்டுத் தனியாகச் சர்ச்சுக்குப் போவாள், ஜெபக் கூட்டம் என்பாள், யாருடைய கூட்டம் என்று ஜூலியா ஒரு நாளும் கேட்டதில்லை.

மெட்ரோ படிக்கட்டில் அம்மா கேட்டாள்.

"அவனுக்கு நீ என்ன பேரு வச்ச?"

"ஜோஷ்வா."

அம்மா இரண்டு படி ஏறினாள்.

"அதுவும் நல்ல பேருதாம்."

அதுவும் என்றால்... ஜூலியா நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அம்மா நிற்காமல் மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.