மாம்பழ வாசனை அடித்தால் பஸ் கிளம்பிவிடும்

எல்லோருக்கும் வணக்கம். முட்டி வலி, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறதா? காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். நான் ஆரம்பித்தால் சீக்கிரம் நிறுத்தமாட்டேன்.

என் வீட்டுக்காரர் செங்கல்வராயன் ஆந்திரா ஆர்.டி.சி.யில் பஸ் டிரைவராக இருந்தவர். ரிட்டயர் ஆகிற வரைக்கும் சித்தூர் – திருப்பதி ரூட்டுதான். நாங்கள் நகரிப் பக்கத்து ஆட்கள், அவர் வேலைக்காகச் சித்தூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டோம். மனிதர் அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிக்கொள்வேன்.

போன கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்காமல் மூக்கை உறிஞ்சினார். மாம்பழம் கொதிக்கிற வாசனை வருகிறது என்றார். எங்கள் ஊரில் ஆனி மாதம் பிறந்தால் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளிலிருந்து அந்த வாசனை தெருவெல்லாம் வரும். கார்த்திகையில் ஏது மாம்பழம்? இருந்தாலும் வாசல் வரை போய் மோந்து பார்த்தேன். மழை வாசனைதான். திரும்பி வந்து பார்த்தால் கண் திறந்திருக்கிறது, ஆள் அங்கே இல்லை. வாய் எதையோ மென்றுகொண்டே இருக்கிறது. இடது கை கீழே போய் எதையோ பிடித்து முன்னே தள்ளுகிறது, பின்னே இழுக்கிறது. கியர் போடுகிறார் என்று அப்புறம்தான் புரிந்தது.

ஸ்கேன் எடுத்ததில், காதுக்கு மேலே மூளையில் ஒரு கட்டி. அதனால்தான் இந்த வலிப்பு. மாத்திரை கொடுத்தார்கள். குறைந்தது, நிற்கவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பேச்சு போய்விடும் என்று திருப்பதி டாக்டர் சொன்னார். இவர் வேண்டாம் என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். எங்கள் பெண் தரணி, வேலை பார்க்கிற ஸ்ரீ சிட்டியிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து சண்டை பிடித்தாள். நான் அழுதேன். அதற்கும் அதே ஒரு சொல்தான்.

பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றினேன். மேஜை முனைகளுக்குப் பழைய புடவையைச் சுற்றிக் கட்டினேன். ராத்திரியில் அவர் பனியன் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டுதான் படுப்பேன்.

ஒவ்வொரு முறையும் வலிப்பு அடங்கிய பிறகு அவர் வெகுநேரம் ஒருமாதிரி மிதந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் கேட்டால் பதில் சொல்வார். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான், வலிப்பில் அவர் ஓட்டிப்போகிற அந்த பஸ்ஸைத் தெரிந்துகொண்டேன். பூதலப்பட்டு தாண்டி ரோடு முழுக்கப் பனியாம். இரண்டு பக்கமும் மாந்தோப்பாம். இன்ஜின் சத்தமே இல்லாமல் பஸ் தண்ணீர் மேல் போவது போலப் போகுமாம். சந்திரகிரி மலை எதிரே நிற்குமாம், கிட்டே மட்டும் வராதாம். பஸ் நிறைய ஜனம், யாரும் பேசமாட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு அமைதி. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

கண்டக்டர் யார் என்று ஒரு நாள் கேட்டேன். கண்டக்டரே இல்லையாம். அதனால் விசில் வராதாம், அதனால் வண்டியை நிறுத்த முடியாதாம். ஒரு விசிலுக்கு நிறுத்தணும், இரண்டு விசிலுக்கு எடுக்கணும், இதுதான் அவருக்கு வேதம். எங்கள் அம்மா ஒரு முறை ரோட்டோரம் நின்று கை காட்டியும், விசில் வரவில்லை என்று மாப்பிள்ளை நிறுத்தாமல் போய்விட்டார். சாகிற வரைக்கும் அம்மா அதைச் சொல்லிக் காட்டினாள்.

அன்றைக்குத்தான் காரணமும் வெளியே வந்தது.

“வண்டி நெறய ஜனம் கீதுமே. கட்டிய எடுத்துட்டா வண்டி அங்கியே நின்னுடும். நடு ரோட்ல அத்தினி பேர வுட்டுட்டு நான் மட்டும் எறங்கி வர்றதா?”

“அது நெஜம் இல்ல மாமா.”

“இருக்கட்டும். எடுத்த வண்டிய கொண்டுபோய்ச் சேக்கணும் இல்ல?”

டாக்டருக்கும் மகளுக்கும் பயப்படாத மனிதர், முகம் தெரியாத பயணிகளுக்காகத் தலைக்குள் கட்டியை வைத்துக்கொண்டிருக்கிறார்.

தை மாதத்தில் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். இனியும் காத்திருக்க முடியாது, சரியா இல்லையா என்று அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். காலை பஸ்ஸில் ஏறினோம். டிரைவருக்குப் பின் சீட்டில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். கண்டக்டர் தேவயானி இவரை முன்பே அறிந்த பெண், சித்தப்பா முறை வைத்து பாபாய் என்றுதான் கூப்பிடுவாள். அந்த சீட்டைக் காலி செய்து கொடுத்தாள். வெளியே பனி. பூதலப்பட்டு தாண்டியது. மாந்தோப்புகள் வெள்ளையாக மிதந்து வந்தன. எது அவருடைய ரோடு, எது எங்கள் ரோடு என்று எனக்கே தெரியவில்லை. அப்போது அவர் மூக்கை உறிஞ்சினார்.

“மாம்பழம்,” என்றார்.

இந்த முறை கையோடு நிற்கவில்லை, உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. தேவயானியும் நானும் அவரைத் தரையில் இறக்கினோம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே என் பையை வைத்தேன். யாரோ ஒருவர் சாவிக்கொத்தை நீட்டினார், இரும்பைப் பிடித்தால் நின்றுவிடும் என்று. கையிலும் ஒன்றும் வேண்டாம், வாயிலும் ஒன்றும் வேண்டாம், அதுவாக அடங்கும், ஐந்து நிமிடம் தாண்டினால் மட்டும் 108-க்குப் போன் போடுங்கள் என்றேன். சொன்ன குரல் என்னுடையதுதானா என்று இருந்தது.

தேவயானி ஒரு விசில் ஊதினாள். பஸ் ஓரமாக நின்றது.

“அந்தரூ திகண்டி,” என்றாள். எல்லோரும் இறங்கினார்கள். தேங்காய் மூட்டை, பால் கேன், ஸ்கேன் கவர் என்று அவரவர் சாமானையும் எடுத்துக்கொண்டு போய் மாமரத்தடியில் நின்றார்கள். பஸ்ஸில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இலையிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

உடம்பு மெல்ல அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்தார். தலையைத் திருப்பி, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார்.

“எறங்கிட்டாங்களா?”

எந்த பஸ்ஸைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

“எல்லாரும் எறங்கிட்டாங்க மாமா.”

“பின் சீட்டு?”

தேவயானிக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பின்னால் வரை நடந்துபோய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். “யாரும் இல்ல பாபாய். மொத்தம் காலி.”

“லக்கேஜு?”

“லக்கேஜையும் எடுத்துக்கினாங்க,” என்றேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தார். “விசில் கேட்டுச்சுமே,” என்றார். “ஒண்ணுதான். நல்லா கேட்டுச்சு.” பிறகு என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். “அப்ப வண்டிய டிப்போவுல வுட்டுடலாம்.”

ஜனம் திரும்ப ஏறியபோது அவர் தூங்கிவிட்டிருந்தார். திருப்பதியில் டாக்டர் கேட்டதும், செய்யுங்க சார் என்றார். அவ்வளவுதான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மாசியில் ஆபரேஷன் ஆனது. கட்டியை முழுக்க எடுக்க முடியவில்லை, மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். மாத்திரை நிற்கவில்லை. எப்போதாவது இடது கை தொடைமேல் லேசாக அசையும், நின்றுவிடும். பனியன் ஓரத்தை நான் இன்னும் விடவில்லை.

போன வாரம் சாயங்காலம் இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். என் கை தானாக அவர் தோளுக்குப் போனது. அவரும் பயந்துபோய் என்னையே பார்த்தார்.

“உனுக்கும் வருதாமே?”

உறிஞ்சிப் பார்த்தேன். வந்தது. இனிப்பும் புளிப்புமாக, தெரு முழுக்க. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுச் சந்திரம்மா, கூழ் ஃபேக்டரி திறந்தாயிற்று, இனிமேல் ஈ மொய்க்கும் என்று யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தாள். ஆனி பிறந்ததையே நாங்கள் கவனிக்கவில்லை.

“எனுக்கும் வருது மாமா,” என்றேன். ரெண்டு பேரும் அந்த வாசனையிலேயே இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் போய்விட்டுத் திரும்புகிறவர் இருந்தால் எழுதுங்கள். எங்கே போகிறார், அங்கே யார் யார் இருக்கிறார்கள், நீங்கள் எப்படிக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று. இவருக்கும் படித்துக் காட்டுகிறேன். பஸ் ரூட்டு ஏதாவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், ரொம்ப ஆசையாகக் கேட்பார்.