பன்னிரண்டு பத்து

அப்பாவின் மூக்கருகே புறங்கையை வைத்தபடி சின்னவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று முப்பத்தைந்து. கையை எடுக்காமல் இன்னும் ஒரு நிமிஷம் காத்திருந்தான். காற்று வரவில்லை. அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான்.

அம்மா அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரவு முழுக்க அவள் பார்த்துக்கொள்வாள்; காலையில் ஆலையிலிருந்து வந்ததும் அவன் முறை. ஒன்றரை மாதமாக இப்படித்தான். இரண்டு பேரும் வாசலில் மாறிக்கொள்வார்கள், ஷிப்ட் மாறுகிற மாதிரியே. "மூத்திரம் போயிட்டார், மாத்திரை குடுத்தாச்சு." அவ்வளவுதான் பேச்சு.

இன்று செவ்வாய். விரல் விட்டு எண்ணினான். பெற்றோர் இறந்தால் கம்பெனி மூன்று நாள் விடுப்பு தரும். பகல் பன்னிரண்டுக்கு முன்னால் உயிர் போனால் அன்றைக்கே முதல் நாள். பன்னிரண்டுக்குப் பின் என்றால் மறுநாளிலிருந்து கணக்கு. செவ்வாய், புதன், வியாழன். வெள்ளி இல்லை; விடுப்பு முடிந்து வருகிறவனுக்குப் பகல் ஷிப்ட்தான். பெரியவன் இரண்டு விமானம் மாறி வர வேண்டும், சொன்னால் மூன்றாம் நாள்தான் வந்து சேர முடியும் என்று போன வாரமே சொல்லிவிட்டான். அம்மாவும் சொல்லிவிட்டாள், மூத்தவன் முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாதென்று. ஆக வெள்ளிக்கிழமை அண்ணன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போவான். தம்பி பல்சக்கரம் கடைந்துகொண்டிருப்பான்.

போன வருஷம் ஆலையில் கூட வேலை செய்யும் ஃபிட்டரின் அம்மா பதினொன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தாள். "பத்து நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா கெழவி" என்று கேன்டீனில் சொல்லிச் சிரித்தார் அவர். பிறகு தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

சின்னவன் கட்டிலருகே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். இன்னும் இருபத்து மூன்று நிமிஷம்.

அந்த ஸ்டூலும் ஆலையிலிருந்து வந்ததுதான். ஆலை அரசாங்கத்திடம் இருந்த காலத்தில் மெஷினுக்கு ஒரு ஸ்டூல் வேண்டுமென்று அப்பா ஆட்களைத் திரட்டிப் பதினொரு நாள் தரையில் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தார். அந்தப் பதினொரு நாளுக்காக ஒன்றரை வருஷம் அவரை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்போதுதான் சின்னவன் டிப்ளமோவைப் பாதியில் விட்டான். பெரியவன் முடித்துவிட்டான், அவன் இரண்டு வருஷம் முன்னால் பிறந்தவன். பிறகு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஆலையை வாங்கியது. தங்கள் ஊர் ஆலைக்கு டிப்ளமோ முடித்த ஆள் ஒருவர் வேண்டுமென்றது. பெரியவன் போனான்.

முதலாளி ஒருவன்தான். மெஷின் ஒன்றுதான், எண்ணெய் நாற்றம்கூட ஒன்றுதான். நீலச் சட்டையும் அதே சட்டை. அங்கே அதைக் கம்பெனி துவைத்து மடித்துக் கொடுக்கும். இங்கே அம்மா துவைப்பாள். அங்கே உடம்புக்கு முடியவில்லை என்றால் ஃபோனில் சொன்னால் போதும். இங்கே காய்ச்சலோடு வந்து சூப்பர்வைசரிடம் நெற்றியைக் காட்ட வேண்டும். அங்கே நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு நாற்காலி தொழிலாளிகளுக்கென்று சட்டமே இருக்கிறது. ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறார்கள். நான்கு வருஷம் முன்னால் பெரியவனை அனுப்பினார்கள்.

அந்தப் படம் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. நீள மேஜை, தண்ணீர்ப் பாட்டில்கள், கோட்டுப் போட்டவர்களுக்கு நடுவே பெரியவன். வீட்டுக்கு வந்த ஒருவரையும் அப்பா விட்டதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம்கூடக் காட்டினார். "எம் பையன். முதலாளியையே நிக்க வச்சுக் கேள்வி கேக்குறான்." சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைத்த இன்னொரு பையனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

மூன்று வருஷம் முன்னால் ஸ்டூல்களை எடுத்தார்கள். நின்றால் வேகம் கூடுமாம். அதற்குப் பிறகு சின்னவன் ஒரு காலை மடித்து மெஷின் பலகைமேல் வைத்து, கால் மாற்றி மாற்றி நின்றான். ஷிப்டில் எல்லோருக்கும் அவன் கொக்கு ஆனான். குப்பையில் கிடந்த ஸ்டூல்களில் ஒன்றை அப்பாவுக்கென்று சுமந்துகொண்டு வந்தான். அப்பா அதைத் தடவிப் பார்த்தார்.

"யாருடா எடுக்கச் சொன்னது?"

"மேலேருந்து உத்தரவுப்பா."

"உங்கண்ணன் மட்டும் இங்க இருந்திருந்தா எடுக்க விட்டிருப்பானா?"

மூன்று வருஷமாக அந்த ஒரு வாக்கியம் செருப்புக்குள் ஆணியாகக் கிடந்தது. அதன்மேல்தான் நடந்துகொண்டிருந்தான்.

பதினொன்று ஐம்பதுக்கு ஃபோன் அடித்தது. அம்மா விழித்துவிடக் கூடாதென்று முதல் மணியிலேயே எடுத்தான்.

"டேய், அப்பா எப்படி இருக்காரு?" பெரியவன் குரலுக்குப் பின்னால் லாக்கர் கதவு சாத்துகிற சத்தம். அங்கே விடிகாலை. வேலைக்கு முந்தின நேரம்.

"தூங்குறாரு."

"பேச்சு இருக்கா?"

"ரெண்டு நாளா இல்ல."

"காது கேக்கும்ல? கடைசி வரைக்கும் கேக்கும்னு டாக்டருங்க சொல்றாங்க. ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் காதுகிட்ட வையி. நான் ஒண்ணு சொல்லணும். நீ கொஞ்சம் வெளிய போடா."

"சரிண்ணே."

தலையணையில் ஃபோனை வைத்தான். கதவுவரை நடந்து, கதவைச் சத்தம் கேட்கச் சாத்திவிட்டு, உள்ளேயே நின்றான்.

ஃபோனில் பெரியவனின் மூச்சு மட்டும் வந்தது. பிறகு பேசினான்.

"அப்பா, நாந்தாம்ப்பா. அந்த ஸ்டூல் விஷயம்... அது எங்க மேஜைக்குத்தான் வந்துச்சு. அங்க நின்னு வேல செஞ்சா உற்பத்தி ஏறும், அந்த லாபத்துல இங்க யாரையும் வேலைய விட்டு அனுப்ப வேண்டாம்னாங்க. இங்க முந்நூறு பேருப்பா. அவங்க ஓட்டுலதான் நான் உக்காந்திருக்கேன். எல்லாரும் கையத் தூக்கினாங்க." லாக்கர் ஒன்று சாத்தப்பட்டது. "நானும் தூக்கினேன். உங்க பதினொரு நாளு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் தூக்கினேன். தம்பிகிட்ட சொல்லிடாதீங்க."

அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கேட்டுக்கொண்டிருப்பவர் மாதிரியே இருந்தார்.

சின்னவனுக்கு வந்தது கோபமில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கால் மணி நேரம். கால் மணி நேரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் இந்த மனுஷன் அதைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து அந்தப் படத்தை எடுக்கச் சொல்லியிருப்பார். அட, வாய்தான் எழாது. கண்ணையாவது அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் திருப்பியிருப்பார்.

ஃபோனை எடுத்தான். "அண்ணே, வந்துட்டேன்."

"முகத்துல ஏதாவது தெரிஞ்சுச்சாடா?"

"கவனிக்கல."

பன்னிரண்டு பத்துக்கு அம்மாவை எழுப்பினான்.

டாக்டர் தெருமுனையிலிருந்து வந்தார். பாதத்தைத் தொட்டவர் அங்கேயே கையை வைத்திருந்தார்.

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு பத்து."

"ரொம்பச் சில்லுனு இருக்கே."

"காலையிலேருந்தே அப்படித்தான் டாக்டர்."

டாக்டர் அவன் போட்டிருந்த நீலச் சட்டையைப் பார்த்தார். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அந்தச் சட்டைதான். வேறொன்றும் கேட்காமல் எழுதினார்.

புதன்கிழமை ஃபிட்டர் விடுப்புப் படிவத்தைக் கொண்டுவந்தார். அப்பாவை ஐஸ் பெட்டியில் பார்த்துவிட்டு வெளியே வந்து சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

"யோவ் கொக்கு, பன்னெண்டு பத்தா! சாகும்போதும் யூனியன்காரராத்தான்யா செத்திருக்காரு. நேரம் பாத்துல்ல போயிருக்காரு."

இருவரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பெரியவன் வந்தான். ஷிப்ட் முடிந்து நேராக விமானம் ஏறியிருக்கிறான். உள்ளே அதே நீலச் சட்டை, மடிப்புக் கலையாமல். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்த மூன்று நாளில் சின்னவனைப் பிடித்துக்கொண்டு அவள் அழவில்லை. அவனிடம் ஐஸ் பெட்டிக்கு ஆள் சொல்லச் சொன்னாள், நாற்காலி வாடகைக்கு எடுக்கச் சொன்னாள்.

"உக்காருடா, எவ்வளவு தூரம் வந்திருக்க" என்று பெரியவனை அப்பாவின் தலைமாட்டு ஸ்டூலில் உட்கார வைத்தாள். பெரியவன் உட்கார்ந்த பிறகுதான் குனிந்து பார்த்தான். மரத்தில் ஆலை முத்திரை. கையால் அதை மூடிக்கொண்டான்.

அம்மா உள்ளே போனதும் மெல்லக் கேட்டான். "நான் ஃபோன்ல பேசினப்போ... கேட்டிருப்பாராடா?"

சின்னவன் இடது காலை மடித்து எதிர்ச் சுவரில் வைத்துச் சாய்ந்து நின்றிருந்தான். பதினொன்று முப்பத்தைந்து என்று சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா சமையலறையில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சத்தமெல்லாம் கேட்கும்.

சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினான்.

"பன்னெண்டு பத்துக்குத்தான போனாரு. போட்டிருக்கு பாரு."

பெரியவன் அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தான். தோள் இரண்டும் இறங்கின. "அப்போ கேட்டிருப்பாரு" என்றான், தனக்குத்தானே. முகம் கழுவிவிட்டு வந்தவனைப் போலிருந்தான்.

அப்பாவின் கடைசி நிமிஷமும் அவனுக்கே போனது. அதைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாயிற்று.

"இதை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கவா? எங்க ஆபீஸ்லயும் கேப்பாங்க."

"எத்தனை நாளு?"

"பத்து. பயணத்துக்குத் தனி."

"மணி பாப்பாங்களா?"

"என்ன மணி?"

"போன மணி."

பெரியவனுக்குக் கேள்வி புரியவில்லை. "அதை எதுக்குப் பாக்கணும்?"

பெரியவன் படம் எடுத்தான். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தான். தம்பி நின்றுகொண்டே இருப்பதை அப்போதுதான் கவனித்தவன் போல எழுந்து, காலால் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினான்.

"நீ உக்காருடா. காலு கடுக்கும்."

"நின்னு பழகிடுச்சு."

வாசலில் வண்டி வந்து நின்றது. யாரோ பின்கதவைத் திறந்தார்கள். ஸ்டூல் இருவருக்கும் நடுவில் இருந்தது. சின்னவன் இடது காலை இறக்கிவிட்டு வலது காலை மடித்துச் சுவரில் வைத்துக்கொண்டான்.